ஹார்மோனை உருப்போடாமல் புரிந்துகொள்வது எப்படி: பிறப்பு, இருப்பு, வெளியேற்றம், பயணம்

நர்சிங், லேப் டெக்னீஷியன், உயிரியல் என்று எந்தப் படிப்பில் சேர்ந்தாலும் நாளமில்லாச் சுரப்பிகள் பாடத்தில் முதலில் கண்ணில் படுவது ஒரு பெரிய அட்டவணை. இடப்பக்கம் சுரப்பி, நடுவில் ஹார்மோன், வலப்பக்கம் அதன் வேலை. ஐம்பது பெயரை உருப்போட்டுத் தேர்வு எழுதிவிடலாம். ஆனால் வார்டில் ஒரு நோயாளி, "இந்த மாத்திரையை ஏன் வெறும் வயிற்றில் போடணும்? ஒரு நாள் மறந்துட்டா என்ன ஆகும்?" என்று கேட்டால் அந்த அட்டவணை கைகொடுக்காது.

அதற்குப் பதிலாக, எந்த ஹார்மோன் எதிரே வந்தாலும் அதனிடம் நான்கு கேள்விகளை இதே வரிசையில் கேட்டுப் பழகுங்கள். எதிலிருந்து செய்யப்பட்டது? செய்தபின் சேமித்து வைக்கப்படுகிறதா? எது அதை வெளியே விடுகிறது? ரத்தத்தில் தனியாகப் போகிறதா, துணையோடு போகிறதா? விடைகள் கிடைத்துவிட்டால் அது ரத்தத்தில் எவ்வளவு நேரம் தங்கும், ஊசியா மாத்திரையா, ரத்தம் எப்போது எடுக்க வேண்டும், எங்கே கோளாறு வரும் என்பதெல்லாம் பெரும்பாலும் தாமாகவே விளங்கும்.

முதல் கேள்வி: எதிலிருந்து?

மூலப்பொருள் மூன்று வகைதான்: அமினோ அமிலங்களைக் கோத்த சங்கிலி, கொலஸ்ட்ரால், தனியொரு அமினோ அமிலம்.

கழித்துப் பார்ப்பதே எளிய வழி. கொலஸ்ட்ராலிலிருந்து ஹார்மோன் செய்யும் இடங்கள் மிகக் குறைவு. அட்ரினல் சுரப்பியின் வெளிப்பகுதியான புறணி, சூலகம், விந்தகம், கர்ப்ப காலத்தில் நஞ்சுக்கொடி, அவ்வளவுதான். கார்டிசால், ஆல்டோஸ்டிரோன், ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்ட்ரோன், டெஸ்டோஸ்டிரோன் இவற்றை ஸ்டீராய்டுகள் என்கிறோம். வெயில் படும்போது தோலில் உருவாகும் வைட்டமின் டி இவற்றுக்குப் பங்காளி. தனி அமினோ அமிலத்திலிருந்து வருபவை இன்னும் குறைவு. டைரோசினிலிருந்து அட்ரினலினும் தைராய்டின் டி3, டி4 ஹார்மோன்களும், டிரிப்டோபனிலிருந்து மெலடோனின். மிச்சமெல்லாம் சங்கிலி வகை என்று எடுத்துக்கொண்டால் அநேகமாகத் தவறாது. மூளையடியிலுள்ள ஹைபோதலாமஸ் சுரக்கும், மூன்றே அமினோ அமிலம் கொண்ட டி.ஆர்.எச்.சும் சங்கிலிதான், 191 கொண்ட வளர்ச்சி ஹார்மோனும் சங்கிலிதான்.

சங்கிலி வகையும் அட்ரினலினும் நீரில் கரையும். ஸ்டீராய்டும் தைராய்டு ஹார்மோனும் கொழுப்பில் கரையும். செல்லைச் சுற்றியுள்ள சவ்வு கொழுப்பால் ஆனது. நீரில் கரைவது அதைத் தாண்ட முடியாது. அதனால் அதை ஒரு பைக்குள் அடைத்து வைக்கலாம். கொழுப்பில் கரைவது சவ்வு வழியே கசிந்து போய்விடும். பையில் அடைத்துப் பயனில்லை. இனி வருவதில் பாதி இந்த ஒரு வேற்றுமையிலிருந்து கிளைப்பதுதான்.

சங்கிலி வகை: இன்சுலினைப் பின்தொடர்வோம்

ஒன்றையாவது ஆரம்பத்திலிருந்து கடைசிவரை பின்தொடர்ந்து பார்த்துவிட வேண்டும். அதற்கு இன்சுலினைவிடப் பொருத்தமானது இல்லை.

கணையத்தின் பீட்டா செல்லில், புரதம் கோக்கும் உறுப்பான ரைபோசோம் முதலில் கோப்பது இன்சுலினை அல்ல. 110 அமினோ அமிலம் கொண்ட ஒரு நீளச் சங்கிலியை. அதன் தலைப்பில் உள்ள 24 அமினோ அமிலங்கள் ஒரு முகவரிச்சீட்டு மாதிரி. "இதை எண்டோபிளாச வலைக்குள் அனுப்பு" என்பதுதான் அதில் உள்ள செய்தி. செல்லுக்குள் புரதத்தை மடிக்கும் அறை அது. உள்ளே நுழைந்ததும் சீட்டு கிழிக்கப்படும். மிஞ்சுவது 86, இதன் பெயர் புரோஇன்சுலின். அங்கேயே சங்கிலி மடிந்து, மூன்று இடங்களில் கந்தக அணுக்கள் கைகோத்து முடிச்சுப் போடுகின்றன. இந்த முடிச்சு தப்பாக விழுந்தால் அந்தப் புரதம் வெளியே போகாது.

அடுத்து கோல்கை உறுப்பு. அங்கிருந்து புரோஇன்சுலின் நுண்பைகளில் அடைபட்டுக் கிளம்புகிறது. பைக்குள் இருக்கும் வெட்டும் நொதிகள் சங்கிலியின் நடுத்துண்டை இரு முனையிலும் நறுக்குகின்றன. வெட்டுமிடத்தில் இருக்கும் 4 அமினோ அமிலங்கள் உதிர்ந்துபோக, 31 கொண்ட சி-பெப்டைடும், 21 கொண்ட ஏ சங்கிலியும் 30 கொண்ட பி சங்கிலியும் முடிச்சால் பிணைந்த இன்சுலினும் கிடைக்கின்றன. 86-லிருந்து 4-ம் 31-ம் போனால் 51. இந்தக் கணக்கை ஒருமுறை கையால் போட்டுப் பாருங்கள், பிறகு மறக்காது.

பைக்குள் இன்சுலின் ஒற்றையாக இருப்பதில்லை. இரண்டு துத்தநாக அயனிகளைச் சுற்றி ஆறு இன்சுலின் மூலக்கூறுகள் சேர்ந்து அறுகூட்டாக, படிகம் போல் அடுக்கப்பட்டிருக்கும். குறைந்த இடத்தில் நிறையச் சரக்கு.

இனி வெளியேற்றம். ரத்தத்தில் சர்க்கரை ஏறினால் அது பீட்டா செல்லுக்குள்ளும் ஏறும். குளுக்கோகைனேஸ் என்ற நொதி அதைப் பிடித்து எரிப்பதற்கு அனுப்ப, செல்லின் ஆற்றல் நாணயமான ஏ.டி.பி. பெருகுகிறது. ஏ.டி.பி. பெருகினால் பொட்டாசியம் வெளியேறும் வாயில் மூடிக்கொள்ளும். பொட்டாசியம் உள்ளே தங்க, சவ்வின் மின்னழுத்தம் மாறும். மின்னழுத்தம் மாறினால் கால்சியம் வாயில் திறக்கும். கால்சியம் பாய்ந்ததும் பைகள் சவ்வோடு ஒட்டி உடைந்து சரக்கைக் கொட்டுகின்றன. சவ்வருகே தயாராக நிற்கும் பைகள் முதல் 5-10 நிமிடத்தில் காலியாகும். உள்ளே இருப்பவை பின்னால் மெதுவாக வந்து சேரும். டைப் 2 சர்க்கரை நோயின் ஆரம்பக் காலத்திலேயே மங்கிப்போவது அந்த முதல் வேகம்தான்.

இந்தச் சங்கிலித் தொடரில் எந்தக் கண்ணியில் கை வைத்தாலும் விளைவைச் சொல்லிவிடலாம். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகள் பொட்டாசியம் வாயிலை நேராக மூடுகின்றன. ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு என்று அவை பார்ப்பதில்லை. மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை தாழ்ந்துபோவது இதனால்தான். குளுக்கோஸ் கொடுத்ததும் தெளிந்துவிட்டார் என்று உடனே வீட்டுக்கு அனுப்பக்கூடாது. மருந்து உள்ளே இருக்கும்வரை வாயில் மூடியே இருக்கும், சர்க்கரை மறுபடி இறங்கும். இதற்கு நேரெதிர், பிறவியிலேயே அந்த வாயில் மூடாமல் போகும் குழந்தைகள். பிறந்த 6 மாதத்துக்குள் சர்க்கரை நோய் வந்தால் மரபணுப் பரிசோதனை செய்தே ஆக வேண்டும். வாயிலில் கோளாறு என்று தெரிந்தால், அவர்களில் பலருக்கு ஆயுள் முழுக்க ஊசி என்ற நிலை மாறி, இதே மாத்திரை வகை போதுமானதாகிவிடுகிறது. இந்த ஒரு பரிசோதனையைத் தவறவிடுவது பெரிய இழப்பு.

வெளியே வந்த இன்சுலின் முதலில் போவது கல்லீரலுக்கு. கணையத்தின் ரத்தம் கல்லீரல் வாயிற் சிரை வழியாகத்தான் போக வேண்டும். ஏறத்தாழப் பாதி இன்சுலினை முதல் சுற்றிலேயே கல்லீரல் எடுத்துக்கொள்கிறது. மீதிக்கு ரத்தத்தில் அரை ஆயுட்காலம், அதாவது அளவு பாதியாகக் குறையும் நேரம், 4-6 நிமிடம். கூடவே சம எண்ணிக்கையில் வந்த சி-பெப்டைடைக் கல்லீரல் கண்டுகொள்வதில்லை. அது சுமார் 30 நிமிட அரை ஆயுளோடு சுற்றும், பிறகு சிறுநீரகம் அகற்றும். ஆகவே ஒருவரின் கணையம் எவ்வளவு சுரக்கிறது என்று அறிய சி-பெப்டைடை அளப்பதே நம்பகமானது. ஊசியில் இருக்கும் இன்சுலினில் சி-பெப்டைடு கிடையாது. சர்க்கரை தாழ்ந்து மயங்கி வந்தவருக்கு இன்சுலின் அதிகம், சி-பெப்டைடு குறைவு என்றால் இன்சுலின் வெளியிலிருந்து வந்தது. இரண்டும் அதிகம் என்றால் மேலே சொன்ன மாத்திரைகளையும் கணையக் கட்டியையும் நினைக்க வேண்டும். சிறுநீரகம் பழுதான நோயாளியிடம் சி-பெப்டைடு தேங்கி அதிகமாகக் காட்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஊசி போடும் நேரமும் அந்த அறுகூட்டோடு சம்பந்தப்பட்டது. சாதாரண ரெகுலர் இன்சுலின் குப்பியிலும் துத்தநாகத்தோடு அறுகூட்டாகத்தான் இருக்கிறது. தோலுக்கடியில் போட்டால் அது பிரிந்து ஒற்றையான பிறகே ரத்தத்தில் கலக்கும். சாப்பாட்டுக்கு 30 நிமிடம் முன்பு போடச் சொல்வது அதற்காக. லிஸ்ப்ரோ வகையில் பி சங்கிலியின் 28, 29-ம் இடங்களை இடம் மாற்றி வைத்திருக்கிறார்கள். கூட்டு சட்டென்று பிரியும், சாப்பிட உட்காரும்போதே போடலாம்.

புரதம் என்பதால் வயிற்றில் போனால் செரித்துவிடும். வெயிலிலும் உறைபனியிலும் கெட்டுவிடும். திறக்காத குப்பி 2-8 டிகிரியில் இருக்க வேண்டும். திறந்ததை அறை வெப்பத்தில் சுமார் 4 வாரம் வைத்துப் பயன்படுத்தலாம். ஆனால் மே மாதச் சென்னை வீட்டின் அறை வெப்பம் அந்தக் கணக்கில் வராது. குளிர்பதனப் பெட்டி இல்லாத வீட்டில், ஈர மணலில் வைத்த மண்பானைக்குள் உலர்ந்த டப்பாவில் போட்டு வைப்பது உண்மையிலேயே உதவும். பெட்டி இருக்கும் வீட்டில் நடக்கும் தவறு வேறு: உறைபனி அறையை ஒட்டி வைத்துவிடுவார்கள். ஒருமுறை உறைந்த இன்சுலின் உருகிய பின் தெளிவாகத் தெரிந்தாலும் அதைப் போடக்கூடாது.

ஸ்டீராய்டு: கிடங்கே இல்லாத பட்டறை

கார்டிசாலை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் கேள்விக்கு இங்கே விடை "இல்லை". அட்ரினல் புறணியில் சேமித்து வைப்பது கொலஸ்ட்ராலை மட்டும்தான், கார்டிசாலை அல்ல. கேட்கும்போது செய்து, செய்த கையோடு கசிந்து வெளியேறும்.

மூளையடியில் ஹைபோதலாமஸ் சி.ஆர்.எச். என்ற தூண்டு ஹார்மோனை விட, அதன் கீழுள்ள பிட்யூட்டரி சுரப்பி, புறணியைத் தூண்டும் ஏ.சி.டி.எச். ஹார்மோனை விடுகிறது. அது புறணி செல்லின் மேற்பரப்பில் உள்ள ஏற்பியில் ஒட்டியதும், ஸ்டார் என்ற புரதம் கொலஸ்ட்ராலை மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வுக்குக் கொண்டுபோகிறது. முழு வேலையின் வேகத்தையும் கட்டுப்படுத்துவது இந்த ஒரு நகர்த்தல்தான். உள்ளே 27 கார்பன் கொண்ட கொலஸ்ட்ராலின் வாலை வெட்டி 21 கார்பன் கொண்ட பிரெக்னெனலோன் ஆக்குகிறது ஒரு நொதி. அங்கிருந்து வெளியே வந்து எண்டோபிளாச வலையில் சில மாற்றங்கள், கடைசி மெருகுக்கு மறுபடி மைட்டோகாண்ட்ரியா. இரண்டு பட்டறைக்கிடையே போய்வரும் வேலை.

எல்லா ஸ்டீராய்டுக்கும் தொடக்கம் ஒன்றே. எந்த நொதி எந்த செல்லில் இருக்கிறதோ அதுவே கடைசியில் என்ன கிடைக்கும் என்பதைத் தீர்மானிக்கிறது. புறணியின் மேலடுக்கில் ஆல்டோஸ்டிரோன், நடுவடுக்கில் கார்டிசால், உள்ளடுக்கில் ஆண் ஹார்மோனுக்கு முன்னோடிகள். இதில் 21-ஹைட்ராக்சிலேஸ் என்ற நொதி பிறவியிலேயே இல்லை என்று வையுங்கள். வாய்க்காலில் மடையை அடைத்தால் தண்ணீர் பக்கத்து வயலில் பாய்வது போல, கார்டிசாலாக வேண்டியது ஆண் ஹார்மோன் பக்கம் திரும்பும். கார்டிசால் குறைவதால் ஏ.சி.டி.எச். மேலும் மேலும் விரட்டும். அடைத்த இடத்துக்கு முன்னால் 17-ஹைட்ராக்சி புரோஜெஸ்ட்ரோன் தேங்கும். பெண் குழந்தையாக இருந்தால் பிறப்புறுப்பின் மாற்றம் பிறந்த உடனே தெரியும். ஆண் குழந்தை பார்க்க இயல்பாக இருக்கும். உப்பு இழந்து இரண்டாவது வாரத்தில் வாந்தியும் சோர்வுமாக வந்து நிற்கும். வெறும் வயிற்றுக் கோளாறு என்று நினைத்து விட்டுவிட்டால் உயிருக்கே ஆபத்து. பிறந்த குழந்தையின் குதிகாலில் குத்தி எடுக்கும் ஒரு சொட்டு ரத்தம் இதைக் கண்டுபிடித்துவிடும்.

கிடங்கு இல்லை என்பதன் நடைமுறை விளைவுகள் இரண்டு. புறணி வேலை செய்கிறதா என்று பார்க்க 250 மைக்ரோகிராம் செயற்கை ஏ.சி.டி.எச். போட்டு 30-ம் நிமிடத்திலும் 60-ம் நிமிடத்திலும் கார்டிசாலை அளக்கிறோம். செய்து முடிக்க அந்த அவகாசம் வேண்டும். அடுத்தது இன்னும் முக்கியம். பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டு மாத்திரையை வாரக்கணக்கில் சாப்பிட்டவருக்கு ஏ.சி.டி.எச். அடங்கி, புறணி சுருங்கிப்போயிருக்கும். மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் எடுத்துக்கொடுக்கக் கிடங்கிலும் எதுவும் இல்லை, பட்டறையும் ஓடவில்லை. ரத்த அழுத்தம் சரிந்து உயிர் போகலாம். "ஸ்டீராய்டு கெடுதல்" என்று கேள்விப்பட்டுத் தாமாக நிறுத்துபவர்களுக்கு இதைப் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள். மருத்துவர் சொல்லும் கணக்கில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

கார்டிசால் காலை 8 மணி வாக்கில் உச்சத்திலும் நள்ளிரவில் அடித்தளத்திலும் இருக்கும். நேரம் எழுதாத கார்டிசால் அறிக்கைக்கு மதிப்பில்லை.

தைராய்டு: எல்லா விதிக்கும் விலக்கு

டி4 செய்வதற்கு மூலப்பொருள் டைரோசின், கரைவது கொழுப்பில், ஆனால் சேமிப்பில் மற்ற எல்லாச் சுரப்பியையும் மிஞ்சும். இதை ஒழுங்காகப் படித்துவிட்டால் மற்றவை எளிதாகிவிடும்.

கொழுப்பில் கரைவதை எப்படிச் சேமிக்க முடியும்? பெரிய புரதத்தோடு ஒட்டவைத்து விட்டால் முடியும். தைராய்டு செல்கள் ஒரு சிறு உருண்டைச் சுவராக நிற்கின்றன, உள்ளே கூழ்மம். ரத்தத்திலிருந்து அயோடைடைச் சோடியத்தோடு சேர்த்து செல்லுக்குள் இழுக்கிறது ஒரு வாயில். மறுபக்கம் அது கூழ்மத்துக்குள் இறங்குகிறது. செல் தைரோகுளோபுலின் என்ற மாபெரும் புரதத்தையும் அங்கே கொட்டுகிறது. எல்லையில் நிற்கும் தைராய்டு பெராக்சிடேஸ் நொதி, ஹைட்ரஜன் பெராக்சைடின் துணையோடு, அந்தப் புரதத்திலுள்ள டைரோசின்கள்மேல் அயோடினை ஏற்றுகிறது. ஒன்று ஏறியவை, இரண்டு ஏறியவை என இரு வகை. இரண்டும் இரண்டும் சேர்ந்தால் டி4. ஒன்றும் இரண்டும் சேர்ந்தால் டி3. சேர்ந்த பிறகும் புரதத்தின் உடம்பிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். இப்படி 2-3 மாதத்துக்கான இருப்பு எப்போதும் கையில் உண்டு.

பிட்யூட்டரியிலிருந்து தைராய்டைத் தூண்டும் டி.எஸ்.எச். ஹார்மோன் வந்ததும் செல் கூழ்மத்தைக் கவளம் கவளமாக விழுங்கி, லைசோசோம் என்ற செரிக்கும் பையில் புரதத்தைச் செரித்து, விடுபட்ட டி4-ஐயும் கொஞ்சம் டி3-ஐயும் ரத்தத்தில் விடுகிறது.

பெரியவருக்கு நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராம் அயோடின் வேண்டும். கர்ப்பிணிக்கு 250 வரை. இந்தியாவில் அயோடின் சேர்த்த உப்பில், தயாரிக்கும் இடத்தில் கூடுதலாகவும், வாங்குபவர் கைக்கு வரும்போது குறைந்தது பத்து லட்சத்துக்கு 15 பங்கும் இருக்க வேண்டும் என்பது விதி. இந்த இறக்கம் வழியில் ஆகும் இழப்புக்கு விட்ட இடம். ஈரமும் வெயிலும் பட்டால் இழப்பு கூடும். உப்பு ஜாடியை மூடி, அடுப்பிலிருந்து தள்ளி வையுங்கள்.

இருப்பு நிறைய இருப்பதால் வரும் விளைவைக் கவனியுங்கள். தைராய்டு மிகையாகச் சுரக்கும்போது கொடுக்கும் கார்பிமசோல், பெராக்சிடேஸ் நொதியைத் தடுக்கிறது. புதிதாகச் செய்வது நின்றாலும் பழைய சரக்கு தீரும்வரை படபடப்பு குறையாது, வாரங்கள் ஆகும். "மாத்திரை கேட்கவில்லை" என்று நோயாளி பத்தாவது நாளே நிறுத்திவிடாமல் இருக்க, முதல் நாளே இதைச் சொல்லிவிட வேண்டும். வைரஸ் காய்ச்சலுக்குப் பின் கழுத்து வலியோடு வரும் தைராய்டு அழற்சியில் கதை வேறு. உருண்டைகள் உடைந்து இருப்பு தானாகக் கசிகிறது. யாரும் புதிதாகச் செய்யவில்லை. அங்கே கார்பிமசோல் கொடுப்பது ஆளில்லாத பட்டறைக்குப் பூட்டுப் போடுவது. படபடப்பை அடக்க புரோபிரனலால், வலிக்கு மருந்து, காத்திருத்தல்.

அட்ரினலின், ஆக்ஸிடோசின், மெலடோனின்

டைரோசினிலிருந்து டோபா, டோபமின், நாரட்ரினலின், அட்ரினலின் என்று நான்கு படிகள். டோபமின் நுண்பைக்குள் போய் நாரட்ரினலின் ஆகிறது; இதற்கு வைட்டமின் சி வேண்டும். அது வெளியே கசிந்து, கடைசி நொதியால் அட்ரினலினாகி, மறுபடி பைக்குள் போகிறது. அந்தக் கடைசி நொதியைத் தூண்டுவது கார்டிசால். புறணியிலிருந்து கார்டிசால் செறிந்த ரத்தம் நேரே உள்பகுதியான மெடுல்லாவுக்கு வடிகிறது. இரு வேறு பட்டறைகள் ஒரே கூரைக்குக் கீழே இருப்பதன் பயன் இதுவே. வெளியேற்றுவது நரம்பின் ஆணை. நொடியில் பைகள் உடையும். ரத்தத்தில் இரண்டு மூன்று நிமிடத்தில் பாதியாகிவிடும். கடும் ஒவ்வாமையில் பெரியவருக்கு 0.5 மில்லிகிராம் தொடையின் வெளிப்பக்கத் தசையில் போட்டு, தேறாவிட்டால் 5 நிமிடத்தில் மறுபடி போடச் சொல்வது இந்தக் குறுகிய ஆயுளை வைத்துத்தான்.

ஆக்ஸிடோசினும் வாசோபிரசினும் 9 அமினோ அமிலச் சங்கிலிகள். பின் பிட்யூட்டரி இவற்றைச் செய்வதில்லை. புதியவர்கள் அடிக்கடி தவறாக எழுதுமிடம் இது. ஹைபோதலாமஸின் நரம்பு செல்லில் பிறந்து, நியூரோஃபைசின் என்ற துணைப் புரதத்தோடு நரம்பிழை வழியே இறங்கி, பின் பிட்யூட்டரியில் காத்திருக்கின்றன. தலையில் அடிபட்டு அந்தத் தண்டு அறுந்தால் வாசோபிரசின் வராமல் சிறுநீர் லிட்டர் லிட்டராகப் போகும். பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கைத் தடுக்கப் போடும் 10 யூனிட் ஆக்ஸிடோசினும் குளிரில் வைக்க வேண்டிய பொருள். மேசைமேல் நாள்கணக்கில் கிடந்த ஆம்பூலை நம்பிப் போடுவது தாயின் உயிரோடு விளையாடுவது.

மெலடோனின் இருட்டில் பினியல் சுரப்பி செய்வது. கிடங்கு இல்லை, கசிந்து போகும். கண்ணில் வெளிச்சம் பட்டால் உற்பத்தி நிற்கும்.

நான்காம் கேள்வி: பயணத்தில் துணை உண்டா?

நீரில் கரைபவை பெரும்பாலும் தனியாகப் போகும், நிமிடங்களில் தீரும். கொழுப்பில் கரைபவை ரத்தத்தில் மிதக்க ஒரு சுமப்புப் புரதம் வேண்டும். கார்டிசாலில் சுமார் 90 சதவீதம் அதற்கென்றே உள்ள ஒரு குளோபுலினோடும், இன்னும் கொஞ்சம் ஆல்புமினோடும் போகும். தனித்திருப்பது 5 சதவீதத்துக்குள். டி4-இல் தனித்திருப்பது வெறும் 0.02-0.03 சதவீதம். செல்லுக்குள் நுழைந்து வேலை செய்வது அந்தத் தனித்த பகுதி மட்டுமே. கட்டுண்டது நடமாடும் இருப்பு. சிறுநீரில் போகாது, எளிதில் சிதையாது. அதனால் கார்டிசாலின் அரை ஆயுள் 60-90 நிமிடம், டி3-க்கு ஒரு நாள், டி4-க்கு 7 நாள்.

தைராக்சின் (டி4) மாத்திரை பற்றி நோயாளி கேட்கும் அத்தனைக்கும் பதில் இந்த 7 நாளில் இருக்கிறது. ஒரு நாள் மறந்தால் குடிமுழுகாது. ஆனால் அளவை மாற்றியபின் ரத்தத்தில் நிலைப்பட ஐந்து அரை ஆயுள், அதாவது 5 வாரம் வேண்டும், டி.எஸ்.எச். பரிசோதனையை 6-8 வாரம் கழித்து எடுக்கச் சொல்வது அதனால். இரண்டாவது வாரமே எடுத்து அளவை மாற்றினால் பின்னால் இரட்டிப்பாகத் திருத்த வேண்டி வரும். குடலில் இரும்பும் கால்சியமும் டி4-ஐப் பிடித்துக்கொள்ளும். ஆகவே காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு மாத்திரை, 30-60 நிமிடம் கழித்து காபியோ டிபனோ, இரும்பு, கால்சியம் மாத்திரைகள் 4 மணி நேரம் தள்ளி.

சுமப்புப் புரதத்தின் அளவு மாறினால் மொத்த அளவும் மாறும். கர்ப்பத்திலும் கருத்தடை மாத்திரை சாப்பிடுபவரிடமும் ஈஸ்ட்ரோஜன் கல்லீரலைத் தூண்டிச் சுமப்புப் புரதங்களைப் பெருக்குகிறது. மொத்த டி4, மொத்த கார்டிசால் இரண்டும் உயர்ந்து காட்டும். சுமப்புப் புரதம் பெருகியதால் மட்டும் தனித்த பகுதி கூடாது. நோய் இல்லாத இடத்தில் நோயைப் பார்க்க வைப்பது இந்தக் கணக்கு. தனித்த டி4-ஐக் கேளுங்கள். கார்டிசாலுக்கு இரவு உமிழ்நீர் நல்ல வழி. தனித்த பகுதி மட்டுமே உமிழ்நீருக்குள் வரும்.

இந்த அறிவை வைத்தே மருந்தும் செய்கிறார்கள். குடல் சுரக்கும் ஜி.எல்.பி.-1 சங்கிலி ஹார்மோன் தனியாகப் போவதால் ஓரிரு நிமிடத்தில் சிதைகிறது. அதன் வடிவை ஒத்த செமாகுளுடைடில் ஒரு கொழுப்பு அமில வாலை ஒட்டி ஆல்புமினோடு கோத்துவிட்டார்கள். சிதைக்கும் நொதி வெட்டுமிடத்தையும் மாற்றினார்கள். அரை ஆயுள் ஒரு வாரம் ஆனது, வாரம் ஒரு ஊசி போதும்.

குழாயில் எடுத்தபின்

உடம்புக்குள் நிமிடங்களில் சிதைவது குழாய்க்குள்ளும் சிதையும். ஏ.சி.டி.எச்.சுக்கு ஊதா மூடிக் குழாய், பனிக்கட்டியில் வைத்து, குளிரிலேயே சுழற்றிப் பிரிக்க வேண்டும். இன்சுலினுக்கு எடுத்த ரத்தத்தில் சிவப்பணு உடைந்திருந்தால் உள்ளிருந்து வரும் நொதி இன்சுலினை அழித்துவிடும். அந்த மாதிரியைத் திருப்பிவிட்டு மறுபடி எடுங்கள். கார்டிசாலும் டி4-உம் இவ்வளவு படுத்தாது. ஆனால் முடி வளர பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை சாப்பிடுபவரிடம், பயோட்டினை ஒட்டுப்பொருளாகப் பயன்படுத்தும் கருவிகள் ஏமாறும். டி.எஸ்.எச். பொய்யாகக் குறைந்தும் டி4 பொய்யாகக் கூடியும் மிகைத் தைராய்டு போலவே காட்டும். குறைந்தது 2 நாள் நிறுத்திவிட்டு எடுக்க வேண்டும். "சத்து மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்கும் பழக்கம் ஊசி குத்துமுன் இருக்கட்டும்.

சில ஹார்மோன்கள் துடிப்புத் துடிப்பாக வரும். வளர்ச்சி ஹார்மோன் பெரும்பாலும் இரவில் அலையலையாக வரும். பகலில் ஒருமுறை எடுத்த அளவு எதையும் சொல்லாது. அதற்குப் பதில், அதன் தூண்டுதலால் உருவாகித் துணைப் புரதத்தோடு நிதானமாகச் சுற்றும் ஐ.ஜி.எஃப்.-1 அளக்கப்படுகிறது.

இப்போது நீங்களே செய்து பாருங்கள்

பாராதைராய்டு ஹார்மோன். கழுத்தில் தைராய்டுக்குப் பின்னால் உள்ள நான்கு சிறு சுரப்பிகள் செய்வது. ஸ்டீராய்டு செய்யும் இடங்களில் இது இல்லை, டைரோசின் பட்டியலிலும் இல்லை, எனவே சங்கிலி. 115 அமினோ அமிலமாகக் கோக்கப்பட்டு, 25 கொண்ட முகவரிச்சீட்டும் 6 கொண்ட துண்டும் நறுக்கப்பட்டு 84 ஆகிறது. நுண்பையில் சேமிப்பு உண்டு. வெளியேற்றத்தில் மட்டும் ஒரு தலைகீழ்: இன்சுலின் பைகளை உடைப்பது கால்சியம், இங்கே ரத்தத்தில் கால்சியம் குறைந்தால்தான் ஹார்மோன் வரும், கூடினால் செல்லின் மேலுள்ள கால்சியம் ஏற்பி தடுத்துவிடும். மெக்னீசியம் மிகக் குறைந்துபோனால் வெளியேற்றமே தடைபடும். அதனால் கால்சியம் ஏற்றியும் ஏறாத நோயாளிக்கு மெக்னீசியத்தைப் பாருங்கள்.

பயணத்தில் துணை இல்லை. ஆகவே அரை ஆயுள் சில நிமிடங்கள்தான் இருக்கும் என்று நீங்களே சொல்லியிருப்பீர்கள். அறுவைக் கூடத்தில் அதை அப்படியே பயன்படுத்துகிறார்கள். மிகையாகச் சுரக்கும் கட்டியை எடுத்ததும் 10-ம் நிமிடத்தில் ரத்தம் எடுத்து அனுப்புவார்கள். அளவு பாதிக்கும் கீழே இறங்கியிருந்தால் சரியான சுரப்பியை எடுத்தாயிற்று, தையல் போடலாம். இறங்கவில்லை என்றால் இன்னொரு சுரப்பியும் சுரந்துகொண்டிருக்கிறது. கழுத்தை மூடாமல் தேட வேண்டும்.